பழவேற்காட்டை யாருக்குக் கொடுத்திருக்கலாம்? வேலூர் அரசவையின் முன் இருந்த வழிகள்

1614 ஜூலை கடைசியில் வேலூரிலிருந்து தூதர்களாக நான்கு பேர் மசூலிப்பட்டினம் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஆங்கிலக் கம்பெனிக்காக வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்த பீட்டர் புளோரிஸ் என்பவரைத் தேடித்தான் போனார்கள். அவர்கள் கொண்டுபோனவற்றில் ஒன்று விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரின் கவுல், அதாவது "நம்பி வரலாம்" என்று அரசர் தரும் உறுதிமொழி. அதோடு ஒரு வெள்ளைத் துணி. அந்தத் துணியில் ராயரின் கை அப்படியே சந்தனத்தில் பதிந்திருந்தது. ராயரின் கடிதமோ தங்கத் தகட்டில் எழுதப்பட்டிருந்தது. முன்பு பழவேற்காட்டில் உங்களைத் திருப்பி அனுப்பியது தவறு, பொறுத்துக்கொள்ளுங்கள், என் நாட்டில் பிடித்த இடத்தைத் தேர்ந்தெடுத்து வீடோ கோட்டையோ கட்டிக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம்.

வேலூர்க் கோட்டை அகழியை ஒட்டி நடக்கும்போது அக்கா மகளிடம் இதைச் சொன்னேன். நின்றுவிட்டாள். "மாமா, ஒரு ராஜா, கடல் வழியா வந்த வியாபாரிகிட்ட மன்னிப்புக் கேட்டு எழுதினாரா? இங்கேருந்தா?" என்றாள். இங்கிருந்துதான். ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூணில் செதுக்கியிருக்கும் யாளிகளைப் பார்த்தபடி போய் வந்தவர்கள்தான் அந்தக் கடிதத்தை எழுதியிருப்பார்கள்.

அப்புறம் அவள் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "அப்போ முதல்ல எடுத்த முடிவு தப்புன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருச்சா? வேற என்ன செஞ்சிருக்கலாம்?"

வேலூர் அரசவையின் முன்னால் அன்று உண்மையில் நான்கு வழிகள் இருந்தன. ஒவ்வொன்றையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. எல்லாவற்றையும் சம தூரத்தில் வைத்துப் பேச என்னால் முடியாது. எனக்கு இதில் ஒரு தீர்மானமான கருத்து இருக்கிறது.

முதலில் ராயரின் நிலைமை. 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு விஜயநகரம் பாழானது. அரசு பெனுகொண்டாவுக்கும், அங்கிருந்து சந்திரகிரிக்கும், 1600-களின் தொடக்கத்தில் வேலூருக்கும் நகர்ந்தது. சின்ன பொம்மி நாயக்கர் கட்டிய கோட்டை, அவருக்குப் பின்வந்த லிங்கம நாயக்கரிடமிருந்து ராயர் கைக்கு வந்தது. வடக்கே கோல்கொண்டா, மேற்கே பீஜப்பூர். தெற்கே செஞ்சி, தஞ்சை, மதுரை நாயக்கர்கள் மனமிருந்தால் கப்பம் கட்டினார்கள். கடலில் ராயருக்கு ஒரு கப்பல் கூட இல்லை. இப்படி இருக்கிற அரசுக்குத் துறைமுகச் சுங்கம் எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. மழை பொய்த்தாலும், நாயக்கர் முகம் திருப்பினாலும், கப்பல் வந்தால் காசு வரும். பழவேற்காடு அப்படிப்பட்ட துறைமுகம். அதன் வருவாய் ராயரின் அரசி ஓபாயம்மாவுக்குரியது. அவர் சார்பில் கொண்டம்மா என்ற பெண்மணி அங்கே ஆட்சிப் பொறுப்பில் இருந்தார்.

பழவேற்காட்டில் விளைந்தது துணி வியாபாரம். உள்நாட்டுத் தறிகளில் நெய்து, சாயவேரில் சிவப்பேற்றி, மெழுகு வைத்து எழுதிய துணிகளுக்கு ஜாவா, மலாக்கா, மொலுக்கஸ் தீவுகளில் அப்படியொரு மவுசு. கிராம்பும் ஜாதிக்காயும் வேண்டும் என்றால் வெள்ளியைக் காட்டிப் பயனில்லை, இந்தத் துணியைக் காட்ட வேண்டும். டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் நம் கரைக்கு வந்ததே இதற்காகத்தான்.

போர்த்துகீசியரோடு நீடிப்பது

பழைய உறவு. சாந்தோமில் இரண்டு தலைமுறைக்கு மேலாக இருந்தவர்கள். விஜயநகரக் குதிரைப்படைக்கு நீண்ட காலம் குதிரைகள் கோவா வழியாகத்தான் வந்தன. 1598-இல் சேசு சபைப் பாதிரிமார் சந்திரகிரி அரசவைக்கு வந்தார்கள், அரசவை வேலூருக்கு வந்தபோது கூடவே வந்தார்கள். அவர்களில் ஓர் ஓவியரும் உண்டு. ராயருக்கு ஓவியத்தில் பிரியம்.

இந்த வழியின் நல்ல பக்கம் அமைதி. இருப்பவரை மாற்றாமல் விட்டால் கடற்கரையில் சண்டை வராது. கெட்ட பக்கம், கடலில் எந்தக் கப்பல் போனாலும் போர்த்துகீசியர் சீட்டு வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற அவர்களின் பழைய வழக்கம். நம் மரக்காயர் கப்பலும் அதற்கு விலக்கில்லை. போதாக்குறைக்கு, அவர்களின் வாங்கும் சக்தி குறைந்துகொண்டே வந்தது. தீவுகளின் வாசனைப் பொருள் வணிகத்தை டச்சுக்காரர்கள் இவர்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

ஆகவே வேலூர் இவர்களை மட்டும் நம்பியிருந்தால், சரக்கு விற்காமல் தேங்கியிருக்கும். இந்த வழியை இதோடு விடலாம்.

டச்சுக்காரருக்கு மட்டும் கொடுப்பது

அரசவை தேர்ந்தெடுத்தது இதைத்தான். 1608-இல் செஞ்சி நாயக்கரின் அனுமதியோடு தேவனாம்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் காலூன்றினார்கள். 1610-இல் நேரடியாக ராயரிடம் வந்து, பழவேற்காட்டில் பண்டகசாலை வைக்க உரிமை வாங்கினார்கள்.

அந்த நேரத்தில் பார்த்தால் இது நல்ல முடிவுதான். அவர்களிடம் கப்பல்கள் இருந்தன, ஆர்டர் இருந்தது. முன்பணம் கொடுத்துத் துணி நெய்யச் சொன்னார்கள். சாந்தோமில் இருப்பவர்களுக்கு ஒரு போட்டியும் கிடைத்தது. மதத்தைப் பரப்ப வரவில்லை, கணக்குப் புத்தகத்தோடு வந்தார்கள். நான் அந்த அவையில் இருந்திருந்தாலும் டச்சுக்காரரை உள்ளே விடச் சொல்லித்தான் கை தூக்கியிருப்பேன்.

ஆனால் அந்த உரிமையோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்து போனது. அதன் முழு அர்த்தம் அடுத்த வருடம்தான் தெரிந்தது.

1611 ஆகஸ்டில் குளோப் என்ற ஆங்கிலக் கப்பல் பழவேற்காட்டுக்கு வந்தது. கேப்டன் ஆந்தனி ஹிப்பன், வியாபாரப் பொறுப்பில் புளோரிஸ். இந்தப் புளோரிஸே பிறப்பால் டச்சுக்காரர், வேறு பெயரில் ஆங்கிலக் கம்பெனிக்கு வந்தவர். அவர்கள் கரையில் இறங்கியதும் டச்சுப் பண்டகசாலையின் தலைவர் எதிரே வந்து நின்றார். ஐரோப்பாவிலிருந்து வரும் யாரும் எங்கள் இளவரசர் மாரிஸின் அனுமதிச் சீட்டு இல்லாமல் இங்கே வியாபாரம் செய்யக்கூடாது, ராயரே அப்படிக் கவுல் கொடுத்திருக்கிறார், கிளம்புங்கள் என்றார். எங்கள் அரசரின் ஆணை எங்களிடம் இருக்கிறது என்றார்கள் இவர்கள். வார்த்தை தடித்தது. துறைமுக அதிகாரி குறுக்கே புகுந்து, கொண்டம்மா மூன்று நாளில் வருவார், அதுவரை பொறுங்கள் என்று சமாதானப்படுத்தினார்.

அந்தக் காட்சியை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். துறைமுகம் ராயருடையது. சுங்கம் அரசியுடையது. அந்தத் துறைமுகத்துக்குள் ஒருவர் நுழைய, கடலுக்கு அப்பால் இருக்கும் ஹாலந்து இளவரசரின் சீட்டு வேண்டும்! யார் வரலாம், யார் வரக்கூடாது என்பது வீட்டுக்காரர் சொல்ல வேண்டிய வார்த்தை. அந்த வார்த்தையையே வேலூர் எழுதிக் கொடுத்துவிட்டது.

கொண்டம்மா வந்தார். ஆங்கிலேயர் பார்க்கத் தயாரானபோது, நாளை சொல்லி அனுப்புகிறேன் என்று பதில் வந்தது. மறுநாளும் அழைப்பு வராமல் இவர்களே ஆள் அனுப்பிக் கேட்டபோது, ராயர் டச்சுக்காரருக்குக் கவுல் கொடுத்துவிட்டார், உங்களுக்கு வேண்டுமானால் நேராக ராயரிடம் போய்க் கேளுங்கள் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. மேலிடத்து உத்தரவை மீற அவருக்கு அதிகாரம் இல்லை. வேலூர் போய்க் கவுல் வாங்கித் திரும்ப இரண்டு மாதம் ஆகும், அதற்குள் மலாய் தீபகற்பத்தில் உள்ள பட்டாணி துறைமுகத்துக்குப் போகும் பருவக்காற்று தவறிவிடும். இன்னொரு பக்கம், டச்சுக்காரர்கள் ராயருக்கு இரண்டு யானைகள் அனுப்பத் தயாராக வைத்திருந்தார்கள். ஆங்கிலேயர் பாய் விரித்து வடக்கே போய்விட்டார்கள்.

நம் ஊரிலிருந்து சென்னை போய், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போக இன்று அரை நாள் பஸ் பயணம். அன்று அந்தத் தூரமே ஒரு கொள்கையாக வேலை செய்தது. வேலூர் முடிவெடுக்கிறது, கரையில் இருப்பவன் அதை வைத்துக்கொண்டு ஆட்டம் ஆடுகிறான். தகவல் வந்து சேர்வதற்குள் கப்பல் போய்விடுகிறது.

ஒரே ஆள் வாங்கினால் என்ன ஆகும் என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் தாத்தா குடியாத்தத்தில் லுங்கித் தறி வைத்திருந்தார். பாவு கொடுத்துத் துணி எடுக்க அந்தத் தெருவுக்கு ஒரே முதலாளிதான் வருவார். சனிக்கிழமை துணியை விரித்துப் பார்த்து, கரையில் ஓர் இழை விட்டிருக்கிறது, ஓரம் சுருண்டிருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே கூலியைக் கழிப்பார். தாத்தா ஒன்றும் பேச மாட்டார். அடுத்த பாவு அவரிடமிருந்துதானே வர வேண்டும். ஒரு தீபாவளிக்கு முன்னால் வேறோர் ஊரிலிருந்து இன்னொரு வியாபாரி வந்து தெருமுனையில் உட்கார்ந்தார். அந்த வாரமே பழைய முதலாளிக்கு விட்டுப்போன இழை கண்ணில் படவில்லை. பாட்டி இதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் அந்தத் துணியைக் கையில் பிடித்திருப்பது போலவே விரலால் தடவிக் காட்டுவார்.

1610 கவுலில் இழந்தது இதைத்தான். சுங்கம் எத்தனை விழுக்காடு என்பதைவிட, துறையில் எத்தனை பேர் விலை கேட்கிறார்கள் என்பது நெசவாளிக்கு முக்கியம்.

சுவர் யாருடையது?

அமைதிக் கணக்கும் தப்பியது. 1609-இல் ஸ்பெயின் அரசருக்கும் டச்சுக்காரருக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுப் போர்நிறுத்தம் கையெழுத்தானது. போர்த்துகலும் அப்போது அதே அரசரின் கீழ்தான். அங்கே கையெழுத்தின் மை காய்ந்தது, இங்கே 1612-இல் சாந்தோமிலிருந்து போர்த்துகீசியர் புறப்பட்டு வந்து பழவேற்காட்டு டச்சுப் பண்டகசாலையை அழித்தார்கள். ராயரின் மண்ணில், ராயரின் கவுலோடு இருந்த கட்டிடம் அது. ஒருவரோடு மட்டும் செய்துகொண்ட உடன்பாடு மற்றவரின் பகையையும் கரைக்கு அழைத்து வந்துவிட்டது.

அதற்குப் பதிலாக எழுந்ததுதான் கோட்டை. வேலூரின் சம்மதத்தோடு 1613-இல் அது முடிந்தது. டச்சு இயக்குநர் வெம்மர் வான் பெர்கெம் தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் நினைவாகக் கெல்டிரியா என்று பெயர் வைத்தார்.

இங்கே வேலூரின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். அடி வாங்கிய வியாபாரி பாதுகாப்பு கேட்கிறான். அரசரின் படை வடக்கிலும் நாயக்கர்களிடமும் மாட்டிக்கொண்டிருக்கிறது. அவனே செலவு செய்து சுவர் எழுப்புகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்ல மனம் வருமா? வராது. ஆனாலும் என் கருத்தில் மாற்றமில்லை. பண்டகசாலைக்கு அனுமதி கொடுக்கலாம், சுவருக்குக் கொடுக்கக் கூடாது. சுவர் வேண்டும் என்றால் அது அரசியின் சுவராக, அவர் ஆட்கள் காவல் நிற்பதாக, செலவில் மட்டும் டச்சுக்காரர் பங்கு போடுவதாக இருந்திருக்க வேண்டும். பின்னாளில் அந்தக் கோட்டைக்குள் வெடிமருந்து செய்தார்கள். பஞ்ச காலத்தில் விற்கப்பட்ட நம் மக்களை அந்தத் துறையிலிருந்தே ஜாவாவில் டச்சுக்காரரின் தலைமையிடமான படாவியாவுக்கு அடிமைகளாக ஏற்றி அனுப்பினார்கள். சுவருக்குச் சம்மதம் சொன்னவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மனம் ஆறவில்லை.

ஆங்கிலேயருக்கு மாற்றிக் கொடுப்பது

1614 கடிதத்தை மேலோட்டமாகப் படித்தால் வேலூர் இந்த வழிக்குத் தாவியது போலத் தெரியும். ஆண்டுக்குச் சுமார் நானூறு பவுன் வருமானம் வரும் ஓர் ஊரையே புளோரிஸுக்கு எழுதிக் கொடுத்தார் ராயர், நேரில் வந்தால் இன்னும் தருவதாகவும் சொன்னார். புளோரிஸின் ஆள் ஒருவர் வேலூருக்கு வந்து ராயரை நேரில் பார்த்திருந்தார். ராயர் அவர் தலையில் கை வைத்து, மரியாதைத் துணி போர்த்தி அனுப்பினார்.

ஆனால் டச்சுக்காரரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆங்கிலேயரை வைத்தால் பழைய தவறே வேறு கொடியோடு திரும்பி வரும். அதிலும் அன்றைய ஆங்கிலக் கம்பெனி மெலிந்த கம்பெனி. வருடத்துக்கு ஒன்றிரண்டு கப்பல் வந்தால் அதிகம். தனி உரிமையை இவர்களுக்குக் கொடுத்திருந்தால் தறிகள் பாதி நாள் சும்மா நின்றிருக்கும்.

எல்லோருக்கும் திறந்து விடுவது

என் ஓட்டு இதற்குத்தான். யார் வேண்டுமானாலும் வரலாம், ஒரே சுங்கம், துறைக்குள் சண்டை கூடாது, சுவர் அரசியுடையது, கவுல் ஆளுக்கு ஒன்று, ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

கப்பல் இல்லாத ராயர் இதை எப்படி நிலைநாட்டுவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் கடலில் இல்லை, தரையில் இருக்கிறது. தறிகள் ராயரின் ஊர்களில். துணி மூட்டை கரைக்கு வர வேண்டிய வழியும் அவர் எல்லைக்குள். கோட்டைக்குள் இருப்பவனுக்கு அரிசியும் விறகும் உள்நாட்டிலிருந்துதான் வர வேண்டும். ஒரு மாதம் மூட்டை வராவிட்டால் எந்தக் கம்பெனியும் பேச்சுக்கு வரும். ஆனால் துணியை நிறுத்திவைக்க வேண்டுமானால் அதை வாங்க இன்னொருவர் துறையில் நிற்க வேண்டும். ஒரே ஒருவர்தான் வாங்குகிறார் என்றால், துணியை நிறுத்துவது நம் நெசவாளி வயிற்றில் நாமே அடிப்பதுதான். இந்தக் காரணத்தால்தான் நான்காவது வழி மற்ற மூன்றையும்விடப் பலமானது என்கிறேன்.

இதை நான் இன்று கண்டுபிடித்துச் சொல்லவில்லை. புளோரிஸ் தன் குறிப்பில் ஒரு விஷயத்தை எழுதி வைத்திருக்கிறார். ராயர் மனம் மாறியதற்குக் காரணம், ஊர்மக்கள். வருடா வருடம் ஆங்கிலக் கப்பல்கள் கண்முன்னே கடந்து போகின்றன, நமக்கு ஒரு காசு லாபம் இல்லை என்று அவர்கள் ராயரிடம் முறையிட்டுக்கொண்டே இருந்தார்களாம். டச்சுக்காரர்கள் எவ்வளவோ தடுத்துப் பார்த்தும், இந்த முறை அவர்கள் பேச்சு எடுபடவில்லை. அந்த வரிகளைப் படிக்கும்போது எனக்குக் கடற்கரை மணலில் நின்று, பாய்மரம் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து மறைவதைப் பார்க்கும் தரகர்களும் சாயக்காரர்களும் தெரிகிறார்கள். வேலூருக்கு ஓலை மேல் ஓலை அனுப்பியவர்கள் அவர்கள். கணக்கு அவர்களுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது.

சந்தனக் கை பதித்த துணி அந்த முறையீட்டுக்குக் கிடைத்த பதில். டச்சுக்காரரை வெளியேற்றாமல், இன்னொருவரையும் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார வைக்கும் முயற்சியாகவே அதைப் பார்க்கிறேன். மையெழுத்து தூரத்தில் இருப்பவருக்கு அரசரின் சொல். உள்ளங்கை ரேகையோடு பதிந்த சந்தனம் அரசரே வந்து தொட்டது போல. நம் ஜவ்வாது மலைச் சந்தனமாகக் கூட இருந்திருக்கலாம்.

நாலு வருடம் தாமதமாக வந்த நல்ல முடிவு அது. மூன்று மாதம் கூட நிற்கவில்லை. அக்டோபர் கடைசியில் புளோரிஸுக்குச் செய்தி வந்தது. வேங்கடபதி ராயர் இறந்துவிட்டார், ஓபாயம்மா உட்பட மூன்று அரசியரும் உடன்கட்டை ஏறிவிட்டார்கள். ஐம்பது ஆண்டு ஆண்ட அரசர் என்று புளோரிஸ் எழுதுகிறார், உண்மையில் ஆண்டது இருபத்தெட்டு ஆண்டுதான். புதிதாய்க் கட்டிய கோட்டை என்ன ஆகுமோ என்று டச்சுக்காரர்களே பயந்தார்களாம்.

ராயரின் கடிதத்தோடு புளோரிஸுக்குக் கடிதம் அனுப்பியவர்களில் ஜக்கராயரும் ஒருவர். ஓபாயம்மாவின் சகோதரர். ராயர் வாரிசாகக் காட்டிய ஸ்ரீரங்கரையும் குடும்பத்தையும் கொன்றவர் அவரேதான். வேலூர்க் கோட்டையில் நடந்ததாகவே நம் ஊரில் சொல்வார்கள். ஒரு வண்ணார் துணி மூட்டைக்குள் வைத்து ராமதேவன் என்ற பிள்ளையை மட்டும் வெளியே கொண்டுவந்து காப்பாற்றினார். பிறகு கல்லணைப் பக்கம் தோப்பூரில் பெரும் போர். இரண்டு வருடத்துக்கு மேல் நாடு முழுக்கத் தீ. துறைமுகக் கவுலைப் பற்றி யோசிக்க வேலூரில் யாருக்கும் நேரம் இல்லை.

புளோரிஸ் அந்த ஆண்டு இறுதியில் கப்பலேறிவிட்டார். அடுத்த வருடம் லண்டன் போய்ச் சேர்ந்து, சில வாரங்களிலேயே இறந்தார். ஆங்கிலேயர் பழவேற்காட்டுக்கு வந்தது 1621-இல். வேலூர் தந்த கவுலோடு வரவில்லை. 1619-இல் லண்டனில் டச்சுக்காரரும் அவர்களும் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, கெல்டிரியா காவல் செலவில் பாதியைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். இரண்டே வருடத்தில் கட்டுப்படியாகாமல் விலகிப் போனார்கள். அந்த உடன்படிக்கை எழுதும்போது துறை யாருடையது என்று வேலூரை ஒருவரும் கேட்கவில்லை.